‘நம்ம பேச்சு’க்கு ஒரு பெயர்

கிரீஸின் வடமேற்கு மூலையில் ஃப்ளோரினா, கஸ்தோரியா என்று இரண்டு ஊர்கள். அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயதான ஒருவரிடம், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "போ நாஷே" என்பார். நம்ம பேச்சு. கிரேக்கத்தில் கேட்டால் "டோபிகா" என்று பதில் மாறும். உள்ளூர்ப் பேச்சு. அதற்கு மேல் போகமாட்டார். அதே கிராமத்திலிருந்து மெல்போர்னுக்கோ டொரோண்டோவுக்கோ போய்விட்ட அவருடைய தம்பியிடம் கேளுங்கள். "மாசிடோனிய மொழி" என்று சட்டென வரும். இதைக்கூடவா கேட்கிறாய் என்ற கோபமும் கூடவே வரலாம்.

தமிழில் ‘நம்ம’, ‘எங்க’ என்று இரண்டு வைத்திருக்கிறோம். எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நம்ம, விலக்கி வைத்தால் எங்க. அவர்களுடைய ‘நாஷ்’ இரண்டுக்கும் ஒன்றுதான். ‘நாஷி’ என்றால் நம்மவர்கள். எதிரில் நிற்பவர் நம்ம ஆள் என்று உறுதியானால் பேச்சு அந்த மொழியில் தொடரும், இல்லாவிட்டால் கிரேக்கத்துக்கு மாறும். ஊருக்குள் இருக்கும்வரை இந்த ஒரு சொல்லே போதும். வெளிநாட்டில் இறங்கிய அன்றே அது போதாமல் போய்விடுகிறது. நம்மவர்கள் என்றால் எவர்கள் என்று அங்கே எல்லோரும் கேட்கிறார்கள்: குடியேற்ற அலுவலகம், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம்.

மாசிடோனியா என்றதும் நமக்கு மாவீரன் அலெக்சாண்டர்தான் நினைவுக்கு வருவார். அவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்கச் சொல்லலாம். இது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு பால்கனில் வந்து குடியேறிய ஸ்லாவிய மொழி பேசுபவர்களின் கதை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை இவர்கள் உஸ்மானியப் பேரரசின் குடிமக்கள். அங்கே ஒருவன் யார் என்பதை அவன் பேசும் மொழி தீர்மானிக்கவில்லை, அவன் போகும் கோயில் தீர்மானித்தது. கான்ஸ்டாண்டினோபிள் கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்றால் கிரேக்கன் கணக்கில் வருவான். 1870இல் பல்கேரியத் திருச்சபை தனியாக உருவான பிறகு அதற்குப் போனவன் பல்கேரியன் கணக்கில். ஒரே ஊர், ஒரே பேச்சு, ஆனால் இரண்டு பாதிரியார், இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு கட்சி. இரண்டு கணக்கும் வேண்டாம், நாம் மாசிடோனியர், நமக்கென்று ஓர் எழுத்து மொழி வேண்டும் என்று 1903இல் அச்சிலேயே எழுதியவர் க்ருஸ்தே மிசிர்கோவ். அவர் பிறந்த ஊர் இன்று கிரீஸில் இருக்கிறது. அலெக்சாண்டர் பிறந்த பெல்லாவேதான். பார்த்தீர்களா, ஓரமாக நிற்கச் சொன்னவர் எட்டிப்பார்த்துவிட்டார்.

1912, 13இல் நடந்த பால்கன் போர்கள் மாசிடோனியா என்ற இந்த நிலத்தைத் துண்டாக்கின. 1913 ஆகஸ்டில் புக்கரெஸ்ட் உடன்படிக்கை. கிரீஸுக்குப் பாதி, செர்பியாவுக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, பல்கேரியாவுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. செர்பியாவின் பங்குதான் பிறகு யூகோஸ்லாவியாவின் ஒரு குடியரசாகி, 1991இல் தனி நாடாகி, இன்று வட மாசிடோனியா என்ற பெயரில் இருக்கிறது. அங்கே 1945இல் மாசிடோனிய மொழிக்கு எழுத்து வகுத்து, இலக்கணம் எழுதி, பள்ளியில் வைத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கிரீஸின் பங்கில் நடந்தது நேர் எதிர்.

முதலில் ஊர்ப்பெயர்கள் போயின. 1920களில் அரசாணைகள் வழியாக ஊர், ஆறு, மலை எல்லாவற்றுக்கும் கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். லெரின் என்பது ஃப்ளோரினா மட்டும் ஆனது, கோஸ்துர் கஸ்தோரியா மட்டும் ஆனது. கஸ்தோரியா பக்கம் டம்பெனி என்று ஒரு கிராமம். அந்த வட்டாரப் பேச்சில் ‘டம்ப்’ என்றால் கருவாலி மரம். புதுப்பெயர் டெண்ட்ரோஹோரி, அதாவது மர ஊர். பெயர் மாற்றிய குமாஸ்தா மரத்தையாவது விட்டுவைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஷெலெவோ என்ற ஊருக்கு அந்தக் கருணையும் கிடைக்கவில்லை. அது அந்தார்த்திகோ ஆனது. உஸ்மானியர் காலத்தின் கடைசியில் அந்த மலைகளில் கிரேக்கத் தரப்புக்காகச் சண்டையிட்ட ஆயுதக் குழுவினரைத்தான் அந்தச் சொல் நினைவூட்டுகிறது. ஊர்ப்பெயரோடு குடும்பப்பெயரும் மாறியது: ‘ஓவ்’, ‘எவ்’, ‘ஓவ்ஸ்கி’ என்று முடிந்தவை ‘இடிஸ்’, ‘ஓபுலோஸ்’ ஆயின. தேவாலயப் படங்களிலும் கல்லறைகளிலும் இருந்த ஸ்லாவிய எழுத்துகளைச் சுரண்டி எடுத்தார்கள். செத்தவர்களும் பெயர் மாற வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. முதல் உலகப் போருக்குப் பிறகு சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி தருவதாகக் கிரீஸ் ஒப்புக்கொண்டிருந்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதைக் கேட்க, 1925இல் ஏதென்ஸில் ஒரு பாடநூல் அச்சானது. பெயர் ‘அபெசெதார்’. அரிச்சுவடி என்று நாம் சொல்வது. லெரின் பக்கத்துப் பேச்சில், லத்தீன் எழுத்தில் இருந்தது. இவர்கள் செர்பியர் என்று சொன்ன செர்பியாவுக்கும் இது பிடிக்கவில்லை, பல்கேரியர் என்று சொன்ன பல்கேரியாவுக்கும் பிடிக்கவில்லை. இரண்டும் எதிர்த்தன. கிரீஸ் நிம்மதியாகப் புத்தகத்தைக் கைவிட்டது. எந்த வகுப்பிலும் அது நடத்தப்படவில்லை. அந்த மொழியின் பெயரை அரசு வாயால் சொல்லாமலே, அது கிரேக்கமும் இல்லை, செர்பியமும் இல்லை, பல்கேரியமும் இல்லை என்று அரசே அச்சடித்துக் கொடுத்த ஒரு சாட்சி அது. 2006இல் கிரீஸில் உள்ள மாசிடோனியச் செயற்பாட்டாளர்கள் அதை மறுபதிப்பு போட்டார்கள். எண்பது வருடம் தாமதமாக வந்த முதல் வகுப்புப் புத்தகம்.

1936இல் மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்ததும் வேடிக்கையெல்லாம் முடிந்தது. வீட்டில் பேசினாலும் அபராதம், தெருவில் பேசினால் அடி. விளக்கெண்ணெய் குடிக்கவைத்த கதை அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. கிரேக்கம் தெரியாத பாட்டிகளை இரவுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறகு உலகப் போர், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். சமமான உரிமை தருவதாகச் சொன்ன கம்யூனிஸ்டுப் படையில் இந்தக் கிராமத்தார் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் தோற்றது. 1948இல் சுமார் 28,000 குழந்தைகளை எல்லை தாண்டி யூகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்று அனுப்பிவிட்டார்கள். கிரேக்கக் குழந்தைகளும் மாசிடோனியக் குழந்தைகளும் அதில் கலந்திருந்தார்கள். பலர் பெற்றோரைத் திரும்பப் பார்த்ததே இல்லை. வெளியே போனவர்களின் குடியுரிமையும் நிலமும் பறிபோயின. 1982இல் அகதிகள் திரும்பி வரலாம் என்று அரசு அறிவித்தபோது ஆணையில் ஒரு சின்னச் சொற்றொடர் இருந்தது: "இனத்தால் கிரேக்கர்களான" அகதிகள். கதவைத் திறந்து, வாசற்படியில் ஆள் நிறுத்திவைத்த மாதிரி.

கணக்குகளும் கதை சொல்லும். 1928 கிரேக்கக் கணக்கெடுப்பில் ஸ்லாவிய மொழி பேசுவோர் 81,984. 1951இல் 41,017. போரும் ஓட்டமும் ஒரு காரணம். கணக்கெடுக்க வருபவர் அரசாங்க ஆள் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு கிரீஸ் இப்படியொரு கணக்கை வெளியிடவே இல்லை. 1959இல் ஃப்ளோரினா பக்கத்தில் ஆத்ரபோஸ் உள்ளிட்ட சில கிராமங்களில் ஊரே திரண்டு, இனிமேல் இந்த ஸ்லாவியப் பேச்சைப் பேசமாட்டோம் என்று அதிகாரிகள் முன்னால் கடவுள் பெயரில் சத்தியம் செய்தது. எந்த மொழியில் பேசமாட்டோம் என்றார்களோ அந்த மொழியில்தான் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் கப்பலேறினார்கள். ‘பெச்சால்பா’ என்று ஒரு சொல் அங்கே உண்டு: சம்பாதிக்க வெளியூர் போய், காசோடு திரும்புவது. டொரோண்டோவுக்கு இப்படிப் போவது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஷெலெவோக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய், ஒரே அறையில் பலராகத் தங்கி, ஊர்ச் சங்கம் வைத்தார்கள். 1910இல் கட்டிய தேவாலயத்துக்கு மாசிடோனிய-பல்கேரியத் தேவாலயம் என்று பெயர். கிரேக்கரல்லாதவர் என்று சொல்ல அன்று கையில் இருந்த சொல் அதுதான். ஆஸ்திரேலியாவுக்குப் பெரிய அலை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. பாஸ்போர்ட் கிரேக்கப் பாஸ்போர்ட். குடும்பப்பெயர் கிரேக்கப் பெயர். இறங்கியதும் கிரேக்கத் தேவாலயம், கிரேக்க மளிகைக்கடை. பலருக்கு அது உறுத்தவும் இல்லை. ஊரிலும் அப்படித்தானே இருந்தோம் என்று நினைத்தவர்கள் ஏராளம்.

மாற்றம் பெரும்பாலும் தொழிற்சாலையில் நடந்தது. மெல்போர்னின் வடக்குப் புறநகர்களில் கார், துணி, உலோகப் பட்டறைகளில் பல நாட்டுக்காரர்கள் தோளோடு தோள் நின்றார்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன் யூகோஸ்லாவியாவின் பிடோலாவிலிருந்து வந்தவன். ஃப்ளோரினாவுக்கும் பிடோலாவுக்கும் முப்பதே கிலோமீட்டர். நடுவில் எல்லைக்கோடு. அவன் இன்னொருவனைக் கூப்பிட்டுப் பேசுகிறான், நம்ம ஆளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. இது போ நாஷே அல்லவா! வித்தியாசம் ஒன்றுதான். அந்தப் பிடோலாக்காரன் இதைக் குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறான். பள்ளியில் படித்திருக்கிறான், இதில் செய்தித்தாள் வாசிக்கிறான், பெயர் கேட்டால் மாசிடோனிய மொழி என்கிறான். வீட்டு அடுக்களைக்கு வெளியே இந்த மொழிக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதைப் பலர் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அடுத்த படிகள் வேகமாக வந்தன. 1959, 60இல் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராயில் புனித ஜார்ஜ் மாசிடோனியத் தேவாலயம் எழுந்தது. மாசிடோனியத் திருச்சபை வேறெந்தத் திருச்சபைக்கும் கட்டுப்படாத முழுத் தனித் திருச்சபை என்று தன்னை அறிவித்ததே 1967இல்தான். அதாவது தாய்நாட்டுத் திருச்சபை முழு உருவம் எடுப்பதற்குள் வெளிநாட்டில் கோயில் தயார். கால்பந்து இன்னும் முந்திக்கொண்டது. பிரெஸ்டன் மக்கெதோனியா அணி 1947இல் தொடங்கியது. அதற்கு எதிராக 1958இல் கிரேக்க மாசிடோனியப் பகுதியிலிருந்து வந்த மற்றவர்கள் தொடங்கிய அணிக்கு அலெக்சாண்டர் என்று பெயர். ஆமாம், அவரேதான். இரண்டு அணியின் ரசிகர்களிலும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். கிரேக்கத்தில் திட்டினாலும் மாசிடோனியத்தில் திட்டினாலும் இருதரப்புக்கும் புரியும் என்பது அந்த ஆட்டத்தின் தனி வசதி.

இங்கேதான் நான் ‘மீட்டெடுத்தல்’ என்ற சொல்லோடு கொஞ்சம் முரண்படுகிறேன். புதைத்துவைத்த குடத்தைத் தோண்டி எடுப்பது போல, அடையாளம் முழுசாக அடியில் கிடந்தது, வெளிநாட்டில் மண்ணைத் தள்ளினோம், பளபளவென்று வெளியே வந்தது என்றுதான் பலர் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். உள்ளே கிடந்தது மொழி, பாட்டு, ஊர்ப்பெயர், அடிவாங்கிய நினைவு. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கு என்ன தேசியப் பெயர் என்பது குடத்துக்குள் இல்லை. 1910இல் டொரோண்டோவில் பல்கேரியன் என்று சொன்ன தாத்தாவின் பேரன் 1970இல் மாசிடோனியன் என்கிறான். இருவரும் பேசியது ஒரே பேச்சு. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா எல்லாம் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ உருவாக்கியது என்று கிரேக்கத் தேசியவாதிகளும், எங்கள் பிள்ளையைத் திருடிவிட்டார்கள் என்று பல்கேரியர்களும் சொல்வார்கள். 2020இல் வட மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்ததில் இந்த வழக்கும் உண்டு. அந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. தேர்ந்தெடுத்த பெயர் என்பதாலேயே பொய்ப்பெயர் ஆகிவிடாது. கிரேக்கனும் பல்கேரியனும் அதே மலையில் அதே நூற்றாண்டில் பள்ளிக்கூடமும் பாதிரியாரும் வைத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். மூன்றாவதாக வந்தவனிடம் மட்டும் ரசீது கேட்பது என்ன நியாயம்?

ஆனால் தேர்ந்தெடுத்தது என்று ஒப்புக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தன்னைக் கிரேக்கன் என்கிறார், தம்பி மாசிடோனியன் என்கிறார். மெல்போர்னில் இது அதிசயமில்லை. அண்ணன் பயத்தில் சொல்கிறார், மூளைச்சலவை என்று தம்பியின் சங்கத்தார் சொல்வார்கள். ‘கிர்கோமான்’ என்று அதற்கு ஒரு வசைச்சொல்லும் இருக்கிறது, கிரேக்கப் பித்தன் என்ற பொருளில். சில வீடுகளில் பயம் உண்மை. சில வீடுகளில் அண்ணன் கிரேக்கப் படையில் போரிட்டவர், கிரேக்கப் பெண்ணைக் கட்டியவர், மனசாரச் சொல்கிறார். அடக்குமுறையிலிருந்து தப்பி வந்தவர்கள், இன்னொருவன் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்ளலாம் என்பதில் கறார் காட்டுவது பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

வெளிநாட்டிலும் பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. 1991இல் குடியரசு தனி நாடானதும் கிரீஸ் பெயருக்குச் சண்டை பிடித்தது, மெல்போர்ன் தெருக்களில் இரு தரப்பும் ஊர்வலம் போயின. 1994இல் ஆஸ்திரேலிய அரசு இந்தச் சமூகத்தை ‘ஸ்லாவ் மாசிடோனியர்’ என்று அழைக்க முடிவு செய்தது. விக்டோரியா மாநிலம் மொழியின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஸ்லாவிய ஒட்டு ஒன்றைப் போடச் சொல்லி ஆணையிட்டது. மொழிப் பெயர் விஷயம் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்காகி, அந்த ஆணை நிற்காமல் போனது. ஒரு நாட்டு அரசு பெயரை அழித்தது, உலகத்தின் மறுகோடியில் இன்னொரு அரசு அடைமொழி ஒட்டியது. இத்தனைக்குப் பிறகும் 2021 ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பில் மாசிடோனிய வம்சாவளி என்று எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் எல்லைக்கு எந்தப் பக்கத்துக்காரர் எத்தனை பேர் என்பதைக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை.

அப்புறம், ஊருக்குத் திரும்பிப் போன கதை. 1980களிலிருந்து கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியுரிமை வாங்கியவர்கள் விடுமுறைக்கு வரத் தொடங்கினார்கள். 1988இல், இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில், 1948இன் அந்தக் குழந்தை அகதிகள், அதற்குள் நாற்பது ஐம்பது வயதில், உலகெங்கிலிருந்தும் வந்து கூடினார்கள். அங்கிருந்து ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லைக்குப் போன பலரைக் கிரேக்கக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த இடம் என்ற வரியில் டெண்ட்ரோஹோரி என்று இல்லாமல் டம்பெனி என்ற மாதிரி பழைய பெயர் இருந்தாலே போதும், அந்தக் கடவுச்சீட்டு செல்லாது. பிறந்தபோது ஊருக்கு இருந்த பெயரை எழுதியது குற்றம்.

உள்ளே போக முடிந்தவர்கள் கூடவே சில பழக்கங்களைக் கொண்டுபோனார்கள்: உரக்கப் பேசுவது, வழக்குப் போடுவது. ஊரில் இருந்தவர்களும் அதற்குள் சும்மா இல்லை. 1993இல் இரண்டு பேர், தாங்கள் மாசிடோனியராக உணர்வதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னதற்காக ஐந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஃப்ளோரினாவில் மாசிடோனியப் பண்பாட்டு இல்லம் என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டபோது கிரேக்க நீதிமன்றங்கள் மறுத்தன. 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மறுப்பு தவறு என்றது. 2018இல் பிரெஸ்பா ஒப்பந்தத்தில் அண்டை நாட்டின் பெயர் வட மாசிடோனியா ஆனது, மொழிக்கு மாசிடோனிய மொழி என்ற பெயரைக் கிரீஸ் ஒத்துக்கொண்டது. 2022இல் ஃப்ளோரினாவில் மாசிடோனிய மொழி மையம் ஒன்று சட்டப்படி பதிவாயிற்று, அதற்கு ஏதென்ஸில் எழுந்த கூச்சலும் சிறியதல்ல. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாசிடோனியர் என்று எவரும் கிரேக்க அரசின் கணக்கில் இன்றும் கிடையாது. அந்த நாடு ஏற்றுக்கொண்ட சிறுபான்மை திரேஸ் பகுதி முஸ்லிம்கள் மட்டும்தான்.

மொழி மையத்தில் சொல்லிக்கொடுப்பது ஸ்கோப்யேயின் எழுத்து மொழி. டொரோண்டோ, மெல்போர்ன் சனிக்கிழமைப் பள்ளிகளிலும் அதுதான். அது பிடோலா, பிரிலெப், வேலெஸ் பக்கத்து மையப் பேச்சிலிருந்து வந்தது. கஸ்தோரியா பக்கப் பேச்சில் பழைய மூக்கொலி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவாலி மரம் எழுத்து மொழியில் ‘டாப்’, பாட்டி வாயில் ‘டம்ப்’. கை எழுத்து மொழியில் ‘ராகா’, பாட்டிக்கு ‘ரன்கா’. ஊரில் தடை செய்யப்பட்ட மொழியைப் பேரன் வெளிநாட்டில் சனிக்கிழமை தவறாமல் போய்ப் படித்து வந்து, வீட்டில் பாட்டி பேசுவதைத் திருத்துகிறான். பாட்டி அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி, உன் மாசிடோனியம் நல்லா இருக்கு, எனக்கு நம்ம பேச்சே போதும் என்கிறாள்.